வாசலில் நின்ற கார்: 1997 செப்டம்பரில் ஓர் அரண்மனை கற்றுக்கொண்டது

1997 செப்டம்பர் 5, வெள்ளிக்கிழமை பிற்பகல். அரசியின் முன்னாள் மருமகள் இளவரசி டயானா கார் விபத்தில் இறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. ஸ்காட்லாந்தின் பால்மோரல் கோட்டையிலிருந்து லண்டன் திரும்பிய அரசி எலிசபெத்தின் கார் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலுக்கு வந்தது. வழக்கமாக அது நேராக உள்ளே போய்விடும். அன்று வெளியிலேயே நின்றது. கறுப்பு உடையில் அரசி இறங்கினார், கூடவே கணவர் பிலிப். அரண்மனையின் இரும்பு வேலி நெடுக, பளபளக்கும் கண்ணாடித்தாள் சுற்றிய பூங்கொத்துகள் குவிந்து கிடந்தன. கையால் எழுதிய அட்டைகள், பொம்மைகள், மெழுகுவர்த்திகள். அந்தப் பக்கம் பல்லாயிரம் பேர்.

அரண்மனை அதிகாரிகளுக்கு அடிவயிற்றில் கலக்கம். கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுமா, கூச்சல் போடுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அரசி இறங்கியதும் கைதட்டல் எழுந்தது. அவர் பூக்களைப் பார்த்தபடி மெல்ல நடந்தார், குனிந்து சில அட்டைகளைப் படித்தார், பிறகு கூட்டத்தின் அருகில் போனார்.

இந்த ஆய்வு அந்தச் சில நிமிடங்களைப் பற்றியது. பிரிட்டிஷ் அரச குடும்பத்தில் யாருக்கு மக்கள் செல்வாக்கு அதிகம், யாரிடம் வசீகரம் இருக்கிறது என்று பேச்சு வரும்போதெல்லாம் முகவெட்டு, உடை, சிரிப்பு என்றுதான் பேச்சு போகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை, அவர்கள் மக்களுக்குப் பக்கத்தில் எவ்வளவு நெருங்கி வருகிறார்கள், எந்த நேரத்தில் வருகிறார்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டயானாவுக்கு அது கைவந்த பழக்கம். அரண்மனை அதை ஐந்தே நாளில், அடிபட்டுத் தெரிந்துகொண்டது.

கையுறை இல்லாத கை

1981 ஜூலை 29 அன்று செயின்ட் பால் தேவாலயத்தில் அரசியின் மூத்த மகன் சார்லஸை மணந்தபோது டயானாவுக்கு 20 வயது. உலகம் முழுக்க 75 கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்ததாகச் சொன்னார்கள். அது திருமணத்துக்குக் கூடிய கூட்டம். இளவரசர் யாரை மணந்திருந்தாலும் பெரும்பகுதி கூடியிருக்கும். டயானா தானாகச் சம்பாதித்தது அதற்குப் பிறகு. குழந்தைகளிடம் நின்றபடி பேசமாட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர்கள் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்துக்கொள்வார். அரச குடும்பப் பெண்கள் வெளியே வந்தால் கையுறை அணிவது வழக்கம். அதை அவர் பெரும்பாலும் விட்டுவிட்டார்.

1987 ஏப்ரல் 9 அன்று நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்றே ஒரு வார்டு. பிரிட்டனில் அப்படி ஒன்று அதுதான் முதல் தடவை. திறந்து வைக்க டயானா வந்திருந்தார். தொட்டால் ஒட்டிக்கொள்ளும், ஒரே தம்ளரில் குடித்தால் வரும் என்று படித்தவர்களே பயந்த காலம். நோய் வந்தவனைக் குடும்பமே ஒதுக்கி வைத்தது. டயானா கையுறை இல்லாமல் ஒரு நோயாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். புகைப்படத்தில் அந்த மனிதரின் முகம் இல்லை. முதுகுப் பக்கமிருந்து மட்டுமே எடுக்கலாம் என்பதுதான் அவர் விதித்த நிபந்தனை. தன் முகம் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு அவ்வளவு பயம். அவருடைய தோளுக்கு மேலாக டயானாவின் முகமும், நீட்டிய கையும் தெரிகின்றன. மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லியும் இறங்காத ஒரு செய்தியை அந்தப் படம் மக்கள் மனசில் இறக்கியது.

அரசி மட்டும் ஒதுங்கியே இருந்தவர் என்று நினைத்தால் அது தப்பு. 1970இல் நியூசிலாந்துப் பயணத்தின்போது, காரில் கையசைத்துக்கொண்டு போகாமல் இறங்கி நடந்து பொதுமக்களிடம் பேசும் வழக்கத்தைத் தொடங்கியவர் அவர்தான். அவர்களுடைய பேச்சில் அதற்கு ‘வாக்அபவுட்’ என்று பெயர். அன்றைக்கு அது பெரிய மாற்றம். ஆனால் அரசியின் நடையில் ஓர் அளவு உண்டு: கையுறை போட்ட கை, “வெகு தூரத்திலிருந்து வந்தீர்களா?” என்பதுபோல் ஒரு கேள்வி, ஒரு புன்னகை, அடுத்த ஆள். டயானா அந்த நடையை எடுத்துக்கொண்டு இரண்டைக் கூட்டினார். ஒன்று தொடுதல், இன்னொன்று ஒருவரிடம் கூடுதலாக நிற்கும் நேரம். மக்கள் ஒரு தடவை அதற்குப் பழகிவிட்டால் பழைய அளவு அவர்களுக்குக் குறைவாகத்தான் தோன்றும். அரண்மனை கவனிக்கத் தவறியது இதைத்தான்.

மணவாழ்க்கை உடைந்த கதை எல்லாருக்கும் தெரியும். 1992 டிசம்பரில் பிரிவு, 1995 நவம்பரில் பிபிசி பேட்டி, 1996 ஆகஸ்டில் விவாகரத்து, கூடவே ‘ஹர் ராயல் ஹைனஸ்’ என்ற பட்டமும் போனது. (அந்தப் பேட்டியை வஞ்சகமான வழியில் பெற்றார்கள் என்று 2021இல் விசாரணை அறிக்கை சொன்னது.) பட்டம் போன பிறகு, 1997 ஜனவரியில், அங்கோலாவில் கண்ணிவெடி அகற்றும் பாதையில் முகக்கவசமும் பாதுகாப்பு அங்கியும் அணிந்து நடந்தார். அரசாங்கத்தில் சிலருக்கு எரிச்சல். அந்த ஆண்டு டிசம்பரில் ஆளெதிர்ப்புக் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் நாடுகள் கையெழுத்திட்டபோது பார்க்க அவர் இல்லை.

வெறுமையாக நின்ற கொடிக்கம்பம்

ஆகஸ்ட் 31, ஞாயிறு. நள்ளிரவு தாண்டி சற்று நேரத்தில் பாரிஸின் அல்மா சுரங்கப்பாதையில் கார் மோதியது. அதிகாலையில் மருத்துவமனையில் டயானா இறந்தார். வயது 36. மகன்கள் வில்லியமுக்கு 15, ஹாரிக்கு 12. இருவரும் அப்பாவுடனும் பாட்டி, தாத்தாவுடனும் பால்மோரலில் இருந்தார்கள்.

அன்று காலை குடும்பம் வழக்கம்போல் பக்கத்துத் தேவாலயத்துக்குப் போனது. வழிபாட்டில் டயானாவின் பெயர் சொல்லப்படவில்லை. அதே காலையில், பதவிக்கு வந்து நான்கே மாதமான பிரதமர் டோனி பிளேர் தன் தொகுதியில் ஒரு தேவாலயத்துக்கு வெளியே நின்று, குரல் தழுதழுக்க, டயானாவை ‘மக்களின் இளவரசி’ என்றார். அந்த இரண்டு தேவாலயங்களுக்கும் நடுவே இருந்த தூரம்தான் அந்த வாரம் முழுக்க விரிந்தது.

லண்டனில் பூக்கள் குவிய ஆரம்பித்தன. செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் இரங்கல் எழுத வைத்த நோட்டுகள் போதவில்லை. நாலைந்தாக இருந்தவை 40க்கும் மேல் ஆயின. வரிசையில் பத்துமணி நேரத்துக்கும் மேல் நின்றவர்கள் உண்டு. எழுதி முடித்துத் திரும்பிய எல்லாருடைய கண்ணிலும் பட்டது ஒன்று: பக்கிங்ஹாம் அரண்மனையின் உச்சியில் கொடிக்கம்பம் வெறுமையாக நின்றது.

அதற்கு ஒரு விதி இருந்தது. அந்தக் கம்பத்தில் ஏறும் ஒரே கொடி அரச கொடி. ஆள்பவர் உள்ளே இருக்கும்போது மட்டும் ஏறும். அது ஒருபோதும் அரைக்கம்பத்துக்கு இறங்காது, அரசரே இறந்தாலும் இறங்காது. அரியணை ஒரு கணமும் காலியாக இருப்பதில்லை என்பது பொருள். அரசி பால்மோரலில் இருந்ததால் கம்பத்தில் கொடி இல்லை. விதிப்படி எல்லாம் சரி. ஆனால் நாட்டின் மற்றக் கட்டடங்களில் எல்லாம் கொடி அரைக்கம்பத்தில் பறக்க, இழவு விழுந்த வீட்டில் மட்டும் எந்த அடையாளமும் இல்லை. விதி தெரியாதவர் கண்ணுக்கு அது கல்நெஞ்சமாகத்தானே தெரியும்? துக்கம் விசாரிக்க வந்த கூட்டம் வாசலில் நிற்கிறது, வீட்டுக்காரர் வெளியே வரவில்லை.

வியாழக்கிழமை, செப்டம்பர் 4, நாளிதழ்கள் வெடித்தன. ‘எங்கே நம் அரசி? எங்கே அவர் கொடி?’ என்று கேட்டது ‘தி சன்’. ‘உங்களுக்கு அக்கறை இருக்கிறது என்று காட்டுங்கள்’ என்றது ‘எக்ஸ்பிரஸ்’. ‘உங்கள் மக்கள் தவிக்கிறார்கள், பேசுங்கள் அம்மா’ என்பதுபோல் எழுதியது ‘மிரர்’.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த வாரத்தின் முதல் நாளில் மக்கள் கோபம் அரண்மனைமீது இல்லை. டயானாவின் காரைத் துரத்திய புகைப்படக்காரர்கள்மீதும், அந்தப் படங்களைக் காசு கொடுத்து வாங்கிய பத்திரிகைகள்மீதும்தான் இருந்தது. பத்திரிகைகள்தான் கடைசியில் அவரைக் கொல்லும் என்று எப்போதும் நினைத்தேன் என்று டயானாவின் தம்பி ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டார். நான்கு நாளில் அந்தக் கோபம் கொடிக்கம்பத்துக்கு இடம் மாறியது. இடம் மாற்றியவர்களுக்கு அதில் ஆதாயம் இருந்தது. ஆனால் முழுக்க அவர்கள் செய்த வேலை என்றும் சொல்ல முடியாது. வெற்றுக்கம்பம் நிஜமாகவே அங்கே நின்றது, மக்கள் அதைத் தம் கண்ணால் பார்த்தார்கள். அரண்மனை தன் மௌனத்தால் கொடுத்த இடத்தில்தான் அந்தத் தலைப்புகள் ஏறின.

அரசியின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அம்மாவை இழந்த இரண்டு பேரப்பிள்ளைகள் கையில். அவர்கள் கண்ணில் படாதபடி வீட்டிலிருந்த செய்தித்தாள்களைப் பாட்டி அப்புறப்படுத்தினார் என்று வில்லியம் 2017இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில் சொன்னார். எந்தப் பாட்டியும் செய்யக்கூடிய காரியம்தான். அன்று அதை யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. வீட்டுக்குள்ளே காட்டும் அன்பு செல்வாக்குக் கணக்கில் சேராது. அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்கள்மேல் விழும் மிகக் கொடிய பாரம் இதுவென்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை

வியாழன் அன்றே அரண்மனையின் போக்கு மாறத் தொடங்கியது. நாட்டின் துயரத்தில் எங்களுக்கு அக்கறையில்லை என்ற பேச்சு எங்களைப் புண்படுத்துகிறது என்று அறிக்கை வந்தது. அரசியின் இளைய மகன்கள் ஆண்ட்ரூவும் எட்வர்டும் லண்டனில் கூட்டத்தின் நடுவே நடந்து வந்தார்கள். பால்மோரல் வாசலில் வைத்த பூக்களைப் பார்க்கக் குடும்பமே வெளியே வந்தது. சிறுவன் ஹாரி அப்பாவின் கையைப் பிடித்திருந்தான்.

அப்புறம் வெள்ளி. முதலில் சொன்ன அந்தக் கார். கூட்டத்தில் ஒரு சிறுமி கையில் ரோஜாக்களோடு நின்றாள். அந்தப் பூக்களை அங்கே வைக்கட்டுமா என்று அரசி கேட்டார். “இல்லை, இவை உங்களுக்கு” என்றாள் சிறுமி. டயானாவுக்குக் கொண்டுவந்த பூக்களாக இருக்கும் என்று நினைத்துத்தான் அரசி கேட்டிருக்கிறார். தனக்கென்று ஒருவர் பூ கொண்டுவருவார் என்று அந்த வாரத்தில் அவர் எதிர்பார்க்கவில்லை. அந்த வாரம் அவருக்கு எப்படி இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மாலை 6 மணிக்கு அரசி நேரலையில் பேசினார். அரண்மனையின் ஓர் அறை, பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கூட்டம் நடமாடுவது தெரிகிறது. அந்த ஜன்னலைப் பின்னணியாகத் தேர்ந்தெடுத்தவருக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. ‘உங்கள் அரசியாகவும், ஒரு பாட்டியாகவும்’ பேசுகிறேன் என்றார். பாட்டி என்ற சொல்லைச் சேர்க்கும்படி பிரதமர் அலுவலகம் சொன்னதாகப் பின்னாளில் செய்தி வந்தது. டயானாவின் வாழ்விலிருந்தும், அவர் சாவுக்கு மக்கள் காட்டிய உணர்ச்சியிலிருந்தும் கற்க வேண்டிய பாடங்கள் உண்டு என்றார். ஏறக்குறைய மூன்று நிமிடம். நல்ல பேச்சு. ஆனால் அதற்குள் கூட்டத்தின் மனசு பாதி இளகிவிட்டது, கார் கதவு திறந்தபோதே. வாசலில் இறங்காமல் உள்ளே போய் உட்கார்ந்து அதே சொற்களைப் படித்திருந்தால் அவை இப்படிப் போய்ச் சேர்ந்திருக்காது என்பது என் எண்ணம்.

அதே நாளில் கென்சிங்டன் அரண்மனைக்கு வெளியே சார்லஸும் மகன்களும் கூட்டத்தின் முன்னால் வந்தார்கள். ஆட்கள் கை நீட்ட, பையன்கள் குலுக்கிக்கொண்டே நடந்தார்கள். அந்தக் கைகள் ஈரமாக இருந்தன, ஏன் என்று அப்போது புரியவில்லை, அழுது துடைத்த கண்ணீர் அது என்று ஹாரி 2023இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். ஊரே அழ, பெற்ற பிள்ளைகள் அழாமல் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் இறுதிச் சடங்கு. அரசி வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குக் கிளம்பியதும் அரண்மனைக் கம்பத்தில் பிரிட்டனின் தேசியக் கொடி அரைக்கம்பத்தில் ஏறியது. இதற்கு முன் நடக்காத ஒன்று. டயானாவின் சவப்பேழை அரண்மனையைக் கடந்தபோது அரசி வாசலில் நின்று தலை தாழ்த்தினார். ராணுவ அணிவகுப்புக்குப் பதிலாக, டயானா துணைநின்ற அறக்கட்டளைகளைச் சேர்ந்த சுமார் 500 பேர் பேழைக்குப் பின்னால் நடந்தார்கள். அவர்களுக்கும் முன்னால் நடந்தவர்களில் அந்த இரண்டு பையன்களும் இருந்தார்கள். எந்தக் குழந்தையையும் அப்படி நடக்கச் சொல்லக் கூடாது என்று இருபது வருஷம் கழித்து ஹாரி சொன்னார். அவர் சொன்னதுதான் சரி.

செய்தியைப் படித்தாக வேண்டும்

அக்டோபரில் அரசி பாகிஸ்தானுக்கும் இந்தியாவுக்கும் வந்தார். சென்னைக்கும் வந்து, எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில் கமல்ஹாசனின் படத் தொடக்க விழாவில் கலந்துகொண்டார். நம்மூரில் அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் எத்தனை பேருக்கு, அவர் ஒன்றரை மாதம் முன்புதான் தன் சொந்த நாட்டின் கோபத்தைத் தாண்டி வந்திருக்கிறார் என்பது நினைவிருந்திருக்கும்?

நவம்பர் 20, அரசியின் 50ஆம் திருமண நாள். விருந்தில் பேசும்போது அவரே இந்த விஷயத்தைத் தொட்டார். அரசியல்வாதிகளுக்கு மக்கள் சொல்லும் செய்தி வாக்குப்பெட்டி வழியாக வருகிறது. அரச குடும்பத்துக்கு அதைப் படிப்பது கடினம், மரியாதையும் அலங்காரப் பேச்சும் மாறி மாறி அடிக்கும் கருத்துகளும் மறைத்துவிடுகின்றன. ஆனாலும் படித்தாக வேண்டும் என்ற பொருளில் பேசினார். அவர் பொதுவில் சொன்னவற்றில் இதைவிட நேர்மையானதை நான் கேட்டதில்லை.

அதன்பின் வந்த மாற்றங்கள் சின்னச் சின்னவை. 1998இல் டெவன் பகுதியில் ஒரு மதுக்கடைக்குள் போனார். 1999இல் கிளாஸ்கோவில் நகராட்சி வீடு ஒன்றில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். கொடி விதி மாறி, அரசர் இல்லாதபோது தேசியக் கொடி பறக்க ஆரம்பித்தது. 2002இல் அரியணையேறிய 50ஆம் ஆண்டு விழா பிசுபிசுத்துப் போகும் என்று பத்திரிகைகள் ஆரூடம் சொல்ல, அரண்மனைச் சாலையில் பத்து லட்சம் பேர் திரண்டார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோரி என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 1990களிலிருந்து எடுத்த கணிப்புகளில் குடியரசு வேண்டும் என்றவர்கள் ஆண்டுக்கணக்காக ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கிலேயே நின்றார்கள். ஆக, 1997இல் மக்கள் முடியாட்சியே வேண்டாம் என்று கிளம்பவில்லை. உரிமையோடு கோபித்துக்கொண்டார்கள். வேண்டாதவர் துக்கத்துக்கு வரவில்லை என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். வேண்டியவர் வராதபோதுதான் கேட்பார்கள்.

கை கொடுக்காத இளவரசி

நெருக்கம்தான் எல்லாம் என்றால் எலிசபெத்தின் மகள் இளவரசி ஆன் எப்படி? அவர் கூட்டத்தில் பேசுவார், கை கொடுக்கமாட்டார். எல்லாருக்கும் கொடுக்க முடியாது, அதனால் தொடங்கவே கூடாது என்பது பழைய கோட்பாடு என்று ஒரு ஆவணப்படத்தில் விளக்கினார். இருந்தும் கருத்துக்கணிப்புகளில் முன்வரிசையில் இருப்பவர். குழந்தைகள் நலனுக்கான சேவ் தி சில்ட்ரன் அமைப்போடு 1970 முதல் தொடர்பு. ஆண்டுக்கு 400க்கும் மேல் நிகழ்ச்சிகள் வரும் ஆண்டுகள் உண்டு. முப்பது வருஷத்துக்கு முந்தைய மேலங்கியைத் திரும்ப அணிவார். இளமையில் அவரைச் சிடுமூஞ்சி என்று எழுதிய பத்திரிகைகளே இப்போது பாராட்டுகின்றன. இதை வசீகரம் என்று நான் சொல்லமாட்டேன். இது மதிப்பு, ஐம்பது வருஷம் தவறாமல் வந்து நின்றதற்குக் கிடைத்தது. தொடாமலேயே சம்பாதிக்கலாம், ஆனால் அதற்கு அவ்வளவு காலம் பிடிக்கும்.

மறுபடியும் அதே வாசல்

2024இன் தொடக்க மாதங்களில் வில்லியமின் மனைவி கேத்தரின் பொதுவில் தென்படாமல் இருந்தார். மார்ச்சில் அன்னையர் தினத்துக்கு வெளியிட்ட குடும்பப் படத்தில் திருத்தங்கள் இருப்பதாகச் செய்தி நிறுவனங்கள் அதைத் திரும்பப் பெற்றன. வதந்தி காட்டுத்தீயாகப் பரவியது. மார்ச் 22 அன்று, பூக்களின் நடுவே ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, தனக்குப் புற்றுநோய் என்று சொன்னார். நோய்வாய்ப்பட்ட பெண்ணுக்கும் மறைந்திருக்க உரிமை உண்டு, அதை ஊர் கொடுக்கவில்லை. 1997இன் அதே கூட்டம், இப்போது கைப்பேசிக்குள்.

ஆனால் அரண்மனை கற்றதை மறக்கவில்லை என்பதற்கு 2022 சாட்சி. செப்டம்பர் 8 அன்று எலிசபெத் பால்மோரலில் இறந்தார். மறுநாள் சார்லஸ் லண்டன் திரும்பினார். கார் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலுக்கு வந்தது, வெளியிலேயே நின்றது. புதிய அரசர் இறங்கித் தடுப்பை ஒட்டி நெடுக நடந்து, நீட்டிய கைகளையெல்லாம் பற்றினார். ஒரு பெண் எட்டி அவர் கன்னத்தில் முத்தமிட்டார். அன்று மாலை 6 மணிக்கு நாட்டுக்குப் பேசினார். அம்மாவுக்கு ஐந்து நாள் பிடித்தது, மகனுக்கு ஒரே நாள்.

அதற்கு மறுநாள், செப்டம்பர் 10, விண்ட்சர் கோட்டை வாசலில் பூக்களைப் பார்க்க வில்லியமும் ஹாரியும் மனைவியரோடு வந்தார்கள். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை சரியில்லாத காலம். அண்ணன் ஒரு பக்கம், தம்பி இன்னொரு பக்கம் என்று கூட்டத்தின் கைகளைக் குலுக்கிக்கொண்டே போனார்கள். ஒருவருக்கு 40 வயது, இன்னொருவருக்கு 37.